லேன்யனின் பூட்ஸ்

தாளில் நான்கு அடி என்று எழுதியிருந்தது. நெஸ்டா ப்ராசர் நான்கு அடிதான் நடந்தாள். காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் ஐந்து கேட்டது.

காலை எட்டேகால் மணிச் சமையல் பேச்சு அது. ரேஷன் காரட்டையும் முட்டைப் பொடியையும் வைத்துக்கொண்டு குடும்பத்தை எப்படி ஓட்டுவது என்று மைக் முன்னால் உட்கார்ந்த ஓர் அம்மாள் நாட்டுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் ஜன்மத்தில் ஒரு காரட்டையாவது சீவியிருப்பாளா என்பது வேறு விஷயம். பேச்சின் நடுவில் புருஷன் பசியோடு சமையலறைக்குள் வர வேண்டும். அந்தப் புருஷன் நெஸ்டாதான். இன்னொரு மைக்கின் கீழே கிடந்த மரப்பலகையில், ஆம்பிளை பூட்ஸை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நான்கு அடி எடுத்து வைத்தாள். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு அது வாசலிலிருந்து அடுப்படி வரை வருகிற ஒரு கனத்த மனுஷன்.

ஐந்தாவது அடி வேறு மாதிரி இருந்தது. பூட்ஸ் பலகையில் விழுந்தால் முதலில் குதிகாலின் இரும்பு பேசும், அப்புறம் தோல் முனகும். இதில் இரும்பும் இல்லை, தோலும் இல்லை. ஈரத் துணியை யாரோ மெள்ளத் தரையில் வைத்த மாதிரி ஒரு சத்தம், அதுவும் எங்கோ தள்ளி, கூடத்தின் கோடியிலிருந்து வந்தது.

நெஸ்டா கால்களைக் குனிந்து பார்த்தாள். இரண்டும் பலகையில் அசையாமல் இருந்தன. அடுத்து கெட்டில் விசில் என்று தாள் சொன்னது; விசிலை ஊதினாள். நேரடி ஒலிபரப்பு போய்க்கொண்டிருக்கும்போது எதற்காகவும் நிற்க முடியாது. குண்டு விழுந்தாலும் விசில் விசில்தான்.

சிவப்பு விளக்கு அணைந்ததும் கண்ணாடி அறையிலிருந்து இத்ரிஸ் பெவன் வெளியே வந்தார். ஒலிக் கருவிகளெல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பது வயது, இளைப்பு நோய்க்காரர், உள்ளூர்க்காரர். லண்டனில் குண்டு விழ ஆரம்பித்து வானொலிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்த வேல்ஸ் கடற்கரைக்கு வந்து, ஜெபக் கூடத்தை ஸ்டுடியோவாக மாற்றிய நாளிலிருந்து இங்கே இருக்கிறார்.

"ஏம் புள்ள, எத்தனை அடி நடந்த?"

"நாலுண்ணே."

"எனக்கு அஞ்சு கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா எதுக்கு நடந்த?"

"நடக்கலைன்னுதானே சொல்லிட்டிருக்கேன்!"

அவர் வாயைத் திறப்பதற்குள் தொலைபேசி அலறியது. தயாரிப்பாளர் பிம். தங்கியிருக்கிற விடுதியில் முட்டைப் பொடி ஆம்லெட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டே எல்லா நிகழ்ச்சியையும் கேட்டுத் தொலைப்பார் அந்த மனுஷன்.

"மிஸ் ப்ராசர், உங்களுக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியலைன்னா நான் கவலைப்பட மாட்டேன். நாலு வரைக்குமாவது தெரிஞ்சிருக்கலாம்ல?"

"சாரி சார்."

"லேன்யன் பதினோரு வருஷம் நடந்தான். ஒரு நாள் ஒரு அடி கூடினதில்ல."

போன் வைக்கப்பட்டது. நெஸ்டா பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பழுப்புத் தோல், பதினோராம் நம்பர், குதிகாலில் இரும்புப் பிறை, உள்ளே நிலையத்தின் முத்திரை. இதைப் போட்டுக்கொண்டுதான் லேன்யன் தபால்காரனாக, போலீஸ்காரனாக, பிரபுவாக, கொலைகாரனாக ஊரெல்லாம் நடந்தான். மைக்கில் வேறெந்தப் பூட்ஸும் இப்படிப் பேசாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

நெஸ்டா அவனுக்கு உதவியாளாக வந்தவள். அதற்கு முன் ஆறு வருஷம் கடைத்தெரு ஷூ கடையில் வந்தவர் போனவர் காலடியில் மண்டி போட்டு, அவர்கள் பாதத்தை மடியில் தாங்கி, அளவு பார்த்து, லேஸ் கட்டிவிட்டவள். மைக் முன்னால் நடப்பதற்காகச் சரளைக்கல் பரப்பி வைத்த தட்டில் லேன்யன் அவளை ஏறவே விடவில்லை. "பொம்பளை நடந்தா பொம்பளை நடந்த மாதிரிதான் இருக்கும். எடை வேணும் எடை," என்று எல்லோர் முன்னாலும் சொல்வான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவனை லண்டனுக்குத் திரும்ப அழைத்தார்கள். பூட்ஸ் இங்கே தங்கிவிட்டது. அவள் கால்விரல் பக்கத்தில் செய்தித்தாளைத் திணித்து அதைப் போட்டுக்கொண்டு, இடுப்பை இறக்கி, முழங்காலை வளைத்து, ராத்திரி ராத்திரியாகப் பழகினாள். மூன்றாவது வாரம் நேயர் கடிதம் ஒன்று வந்தது: அந்தத் துப்பறியும் நாடகத்தில் நடந்து வந்த ஆளை நினைத்து எனக்குத் தூக்கமே போயிற்று என்று. நெஸ்டா அதைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டாள்.

லண்டனிலிருந்து லேன்யனும் கேட்டிருக்கிறான். அவனுடைய கடிதமும் வந்தது. 'என் பூட்ஸை உடனே அனுப்பு. அது காலில் இல்லாவிட்டால் நீ வெறும் கடைக்காரப் பெண்.'

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே பதில் போட்டாள். 'பூட்ஸ் நிலையத்தின் சொத்து. வேண்டுமானால் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.' தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு பன் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவு நிறைவாக அதற்கு முன்னால் அவள் எதையும் தின்றதில்லை.

நான்கு நாள் கழித்து லேன்யன் குடியிருந்த வீட்டின்மேல் குண்டு விழுந்தது. படுக்கையிலிருந்து எழுந்து வெறுங்காலோடு, உடைந்த கண்ணாடியின் மேல், மாடிப்படியில் இறங்கி ஓடியிருக்கிறான். பாதிக்குக் கீழே படி இல்லை. செய்தி வந்து ஒரு வாரம் ஆகிறது. நெஸ்டா எழுதிய கடிதத்தைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது.

பதினோரு மணிக்கு இரவு நிகழ்ச்சிக்கான ஒத்திகை. இத்ரிஸ் அதை ஒரு கிராமபோன் தட்டில் பதிவு செய்தார். அவள் எங்கே தப்புகிறாள் என்று அவளுக்கே போட்டுக் காட்டுவதற்காம். ஒத்திகையில் நெஸ்டா சரளைத் தட்டில் எட்டு அடி நடந்தாள், வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். முடிந்ததும் கண்ணாடி அறைக்குள் போய் இருவரும் கிராமபோன் தட்டின்மேல் குனிந்து நின்றார்கள். ஊசி கரகரவென்று இழுத்தது. பாரபின் அடுப்பின் வாடையும், இருமலுக்கு இத்ரிஸ் சப்புகிற மிட்டாயின் வாடையும் அந்தச் சின்ன அறையை அடைத்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் குரலும், அதன்மேல் சரளையை நொறுக்கிக்கொண்டு பூட்ஸும் வந்தன. எட்டு. நின்றது.

அப்புறம் ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. இன்னொன்று. மூன்றாவது முதலாவதைவிட நெருக்கமாக இருந்தது.

இத்ரிஸ் ஊசியைத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "அம்மாடி, அது பூட்ஸ் இல்ல."

"வெறுங்கால்," என்றாள் நெஸ்டா. ஆறு வருஷம் பாதங்களை மடியில் வைத்திருந்தவளுக்கு அது போதும். "தட்டைப் பாதம். பெரிய ஆளு. அடியில ஈரமா இருக்கு."

"யாருன்னு நினைக்கிற?"

அவள் சொன்னாள். கடிதத்தைப் பற்றியும் சொன்னாள். இத்ரிஸ் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேர்ல வந்து வாங்கிக்கோன்னா எழுதின? ஏன்டி உனக்கு இந்த வாய்?"

"அவர் எழுதினதைப் படிச்சிருந்தா நீங்களும் எழுதியிருப்பீங்க."

"இப்பவே கொண்டுபோய்க் கடல்ல போடு. நானும் வரேன் கூட. கனமா ஒரு கல்லைக் கட்டிப் போட்டுடலாம்."

"போட்டுட்டு? ராத்திரி நிகழ்ச்சியில எதைப் போட்டு நடக்கறது? திங்கக்கிழமை நான் மறுபடியும் கடையில மண்டி போட்டுட்டு உக்காந்திருப்பேன். அதைத்தானே அவரு ஆசைப்பட்டாரு?"

"வேலை பெருசா, உசுரு பெருசா?"

"உசுரோட இருந்த லேன்யனுக்கே நான் பயப்படலண்ணே. செத்துப்போன லேன்யனுக்கா பயப்படப்போறேன்?"

வீறாப்பாகத்தான் சொன்னாள். அறையை விட்டு வெளியே வந்த பிறகு, கூடத்தின் நீள நடையில் தனியாக நடக்கும்போது, தன் காலடி ஓய்ந்த பிறகும் எதையோ எதிர்பார்த்து அவளுடைய காது நின்று நின்று கேட்டது.

மத்தியானம் பிம் வந்து சேர்ந்தார், கூடவே ஆர்ச்சி டன்னெட்டும். ஆர்ச்சி லங்காஷயர்க்காரர், நாடே சிரிக்கிற நகைச்சுவை ஆள், நேரில் பார்த்தால் அஜீரணக்காரர். வாராவாரம் அவருடைய நிகழ்ச்சியின் கடைசியில் தோட்டத்துக் கதவை யாரோ தட்டுவார்கள். ஆர்ச்சி பெருமூச்சு விட்டு, "யாராயிருந்தாலும் உள்ள வாங்க!" என்பார். கூடத்தில் முந்நூறு பேரும் அவரோடு சேர்ந்து கத்துவார்கள். ஆலைகளில், சமையலறைகளில், பதுங்கு குழிகளில் கத்துகிறவர்களுக்குக் கணக்கே கிடையாது. அப்புறம் கதவு திறக்கும், வந்தவன் சரளைப் பாதையில் எட்டு அடி நடந்து ஆர்ச்சியிடம் வருவான். அந்தக் கதவு ஸ்டுடியோவில் சக்கரத்தின்மேல் நிற்கிற தனிக்கதவு. பூட்டு, தாழ்ப்பாள், தட்டுவதற்கு வளையம் எல்லாம் உண்டு. திறந்தால் பின்னால் ஜெபக் கூடத்தின் சுண்ணாம்புச் சுவர்தான்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் அந்த வரியை விட்டுடலாமா?" என்று நெஸ்டா கேட்டாள்.

"எந்த வரி?"

"உள்ள வாங்கன்னு கூப்பிடறது."

ஆர்ச்சி சிரித்தார். "கண்ணு, அந்த வரியை எடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்? எங்கப்பாவோட இறைச்சிக் கடைக்குத்தான் திரும்பப் போகணும். அங்க இறைச்சியும் இல்ல இப்போ."

பிம் சிரிக்கவில்லை. "நல்லாக் கேட்டுக்கோங்க மிஸ் ப்ராசர். ராத்திரி ஒரு அடி கூடினாலும் சரி, குறைஞ்சாலும் சரி, திங்கக்கிழமை முகாம்லேருந்து ஒரு சிப்பாய் வந்து அந்தத் தட்டுல நிப்பான். ஏற்பாடு பண்ணிட்டேன். சரியா முடிஞ்சா இடம் நிரந்தரமா உங்களுது. அதையும் எழுத்துலயே தர்றேன், போதுமா?"

"போதும் சார்," என்றாள்.

ஐந்து மணிக்குக் குழந்தைகள் நேரம். கதையில் ஒரு கரடி பனியில் நடந்து போகும். பனிக்குப் பூட்ஸ் வேண்டாம். துணிப் பையில் கஸ்டர்ட் பொடியைக் கட்டி மைக் பக்கத்தில் இரண்டு கையாலும் பிழிந்தால் போதும். இந்தப் பஞ்சத்தில் இதைத் தின்னாமல் பிழிகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வயிறு எரியும். பூட்ஸின் லேஸை இறுக்கி முடிந்து, பாட்டுப் புத்தக அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இன்றைக்குப் பகலில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. வெளியே இருட்டிவிட்டது, ஜன்னல்களில் கறுப்புத் துணி இழுத்துவிட்டிருந்தார்கள், கடல் காற்று அந்தத் துணியை உள்ளே தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தது. கதை சொல்கிறவர் குரலைத் தாழ்த்தினார். கரடி நடந்தது. நறுக், நறுக். நின்று மோப்பம் பிடித்தது.

அந்த இடைவெளியில் ஹெட்ஃபோனில் காகிதம் கசங்குகிற சத்தம் கேட்டது.

கதை சொல்கிறவரின் தாள் அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ கசங்கிய காகிதத்தைப் பிரித்து, மடியில் வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நீவிவிடுகிற சத்தம். பொறுமையாக. ஒரு தாள். அப்புறம் இன்னொரு தாள். கரடி மறுபடி நடக்க வேண்டியிருந்தது. அவள் கைகள் பொடிப் பையைப் பிழிந்தன. நறுக் நறுக்குக்கு நடுவே லேஸ் ஒவ்வொரு துளையாக உருவப்படுவது தெளிவாகக் கேட்டது.

சிவப்பு விளக்கு அணைந்ததும் அலமாரிக்கு ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தாள். பூட்ஸ் இரண்டும் வாய் பிளந்து கிடந்தன. லேஸ்கள் இரண்டும் அருகருகே நேராக நீட்டி வைக்கப்பட்டிருந்தன. அவள் விரல் பக்கத்தில் திணித்திருந்த செய்தித்தாள் நாலாக மடித்து மேல்தட்டில் இருந்தது. பூட்ஸுக்குள் கையை விட்டாள். ஈரம். கையை எடுத்தபோது விரலெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தது. நனைந்த சுவர், தீய்ந்த மரம், காஸ் குழாய், இதெல்லாம் கலந்த ஒரு நாற்றம் அடித்தது. குண்டு விழுந்த வீட்டை ஒரு தடவை தாண்டிப் போனவர்களுக்கு அது மறக்காது.

பயம் வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. அலமாரி முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்ரிஸ் அண்ணன் சொன்ன மாதிரி கடலில் போட்டுவிட்டால் என்ன? வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் படுத்துக்கொண்டால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்?

பிறகு அவள் கண் அந்தச் செய்தித்தாளின்மேல் போயிற்று. எவ்வளவு கச்சிதமாக மடித்திருக்கிறான்! கேவலம், பொம்பளை திணித்த காகிதம், என் பூட்ஸுக்குள் இதற்கென்ன வேலை என்று எடுத்து வெளியே வைத்திருக்கிறான். செத்த பிறகும் அந்தத் திமிர் போகவில்லை பார். அவளுக்குக் காது மடல் சுட்டது. தாளை எடுத்துக் கசக்கினாள். பூட்ஸுக்குள் குத்தித் திணித்தாள். ஈரத்தோடு காலை நுழைத்து, லேஸைக் கோத்து இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"கேக்குதா மிஸ்டர் லேன்யன்?" என்றாள் திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்து. "நான் எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட மாத்திக்க மாட்டேன். பதினோரு வருஷம் நீங்க நடந்தாச்சு. இப்ப நான் நடக்கறேன். வேணும்னா என் கால்லேருந்து கழட்டிப் பாருங்க."

எட்டு மணி. முந்நூறு பேர். சிப்பாய்கள், ஆலைப் பெண்கள், லண்டனிலிருந்து ஓடி வந்தவர்கள். நனைந்த கம்பளிக் கோட்டும் சிகரெட்டும் சேர்ந்து கூடம் முழுக்க ஆவியாக நின்றது. ஆர்ச்சி வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்தார்கள். பாவம், ஒரு வாரமாகச் சிரிக்கக் காத்திருந்த சனம். நெஸ்டா மேடையின் ஓரத்தில், கதவுக்கும் சரளைத் தட்டுக்கும் நடுவில் நின்று, பீங்கான் தட்டை உடைத்தாள், கார் ஹாரன் அடித்தாள், தொட்டியில் தண்ணீரைக் கலக்கினாள். எல்லாம் இம்மி பிசகாமல் விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பிம் தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இத்ரிஸ் ஹெட்ஃபோனோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பலைகளுக்கு அடியில் அது வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு சிரிப்பு அடங்கும்போதும் ஓர் அடி. ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்தினால் கூடத்தில் எதுவும் இல்லை. மறுபடி வைத்தால் ஓர் அடி. இப்போது கண்ணாடித் துண்டு அழுந்தி முறிகிற சத்தமும் அதனுடன் சேர்ந்து கேட்டது. ஆர்ச்சி ஒரு மாமியார் ஜோக் சொன்னார். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஓர் அடி. கதவுக்குப் பின்னால். மிகவும் கிட்டத்தில்.

நின்றது.

தாள் சொன்னது: கதவு தட்டும் சத்தம், மூன்று.

நெஸ்டா வளையத்துக்குக் கையை நீட்டினாள். விரல் அதைத் தொடவில்லை.

கதவு தட்டப்பட்டது. மூன்று தடவை. ஹெட்ஃபோனில் மட்டுமல்ல. கூடத்தில். முன்வரிசையில் ஒரு பெண் சந்தோஷமாகக் கைகொட்டினாள்.

ஆர்ச்சி பெருமூச்சு விட்டார். இரண்டு கையையும் தூக்கினார். முந்நூறு பேரும் எழும்பி, ஒரே தொண்டையாக, ஜன்னல் துணி அதிர, "யாராயிருந்தாலும் உள்ள வாங்க!"

கதவைத் திறக்க வேண்டியது அவள். தாழ்ப்பாள் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. ஒரு விநாடி. ஒலிபரப்பில் வெறும் மௌனம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு விநாடி. பிம் கண்ணாடியைத் தட்டினார். மூன்று. திறக்காவிட்டால் திங்கட்கிழமை சிப்பாய். திறக்காவிட்டால் அவன் ஜெயித்தான். போடா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தாழை இழுத்தாள்.

சுவர் இருந்தது. வெறும் சுண்ணாம்புச் சுவர். ஆனால் ஹெட்ஃபோனில் அங்கே சுவர் இல்லை. மேலே கூரை இல்லாத ஒரு பெரிய உயரம். எங்கிருந்தோ தண்ணீர் சொட்டுகிறது. காரை பொல பொலவென்று உதிர்கிறது. ஒரு பெரிய ஆளின் மூச்சு, தூசி அடைத்த மூக்கால் இழுத்து இழுத்து விடுகிறது. குளிர் அவள் முழங்கால் வழியாக உள்ளே போயிற்று.

சரளைத் தட்டில் ஏறினாள். நடந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் ஒரு வெறுங்கால். நான்கு. ஐந்து. ஆறு. அவள் அழுத்தினாள், இடுப்பை இறக்கி, முழு எடையையும் போட்டு, அந்தச் சத்தத்தை அமுக்கி நடந்தாள். ஏழு. எட்டு.

நிறுத்த வேண்டும். எட்டுதான்.

இடது கணுக்காலை விரல்கள் பிடித்தன.

குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை. மூன்று முடிச்சில் மேல் முடிச்சு மெள்ள அவிழ்ந்துகொண்டிருந்தது. பூட்ஸ் தோலில் வெள்ளையாக விரல் தடங்கள். நின்றால் கழற்றிவிடுவான். நின்ற காலிலிருந்து பூட்ஸைக் கழற்றுவது எவ்வளவு சுலபம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

நிற்கவில்லை. ஒன்பது. பத்து.

ஆர்ச்சி திரும்பிப் பார்க்காமலே சமாளித்தார். "என்னங்க, எங்க தோட்டம் இவ்வளவு நீளமா? வாடகையை ஏத்திடுவானே!" கூடம் சிரிப்பில் வெடித்தது.

பதினொன்று. இரண்டாம் முடிச்சு. பன்னிரண்டு. மூன்றாம் முடிச்சு. லேஸ் துளை துளையாகப் பின்வாங்கியது. இத்ரிஸ் எழுந்து நின்றிருந்தார், கை வாய்மேல். பதினான்கு. குதிகாலைச் சுற்றி உள்ளே ஒரு கை புகுந்தது. ஐஸ். அவள் கத்தவில்லை. மைக் திறந்திருக்கிறது. கத்தினால் ஒலிபரப்பு அவன் கைக்குப் போய்விடும்.

பதினாறாம் அடியில் இடது பூட்ஸ் கழன்று போயிற்று.

வெறுங்கால் சரளையில் இறங்கியது. குத்தல். சூடாக ஏதோ கசிந்தது. வலது காலைக் கெட்டியாக ஊன்றினாள். விடமாட்டேன். இதை விடமாட்டேன்.

தட்டில், அவளுக்குப் பக்கத்தில், இடது பூட்ஸ் நிமிர்ந்து நின்றது. லேஸ் இறுகியது. அது எழுந்தது. விழுந்தது.

அவள் வலது. அது இடது. அவள் வலது. அது இடது.

ஹெட்ஃபோனில் ஒரே ஓர் ஆள் நடந்து வந்தான், கனமாக, நிதானமாக, ஓர் அடிகூடத் தாளம் பிசகாமல். ஆர்ச்சி அடுத்த ஜோக்குக்குப் போய்விட்டார், கூடம் தரையை உதைத்துச் சிரித்தது, கண்ணாடிக்குப் பின்னால் பிம் எண்ணிக்கையையே மறந்துவிட்டுப் பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வலது பூட்ஸின் முடிச்சுமேல் அந்த விரல்கள் வந்து உட்கார்ந்தன. நெஸ்டா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள்.